குருதியிற் கரைந்த சான்று: முற்றிய மார்புப் புற்றுநோயிற் கட்டி டி.என்.ஏ. பரிசோதனை வளர்ந்த வரலாறு

மார்புப் புற்றுநோய் பற்றிய மருத்துவ அறிவு நெடுங்காலமாக வெட்டியெடுக்கப்பட்ட இழையத்தையே ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. சத்திரசிகிச்சையாளர் கட்டியை அகற்றுவார். நோயியலாளர் அதனை மெழுகிற் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கித் தீர்ப்புக் கூறுவார். நோய் மார்பகத்தோடு நிற்கும் வரையில் இம்முறை போதுமானது. ஆனால் நோய் என்பிற்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவி முற்றிய நிலையை எய்திய பின்னர், மெழுகிற் பதித்த துண்டு தரும் சான்று பழஞ்சான்றாகி விடுகின்றது. ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அகற்றப்பட்ட கட்டி, இன்று ஈரலில் வளரும் கட்டியின் மூதாதையேயன்றி அதுவேயன்று. இடைக்காலத்திற் கொடுக்கப்பட்ட மருந்துகளுக்குத் தப்பிப் பிழைத்த கலங்களின் வழித்தோன்றல்களே புதிய கட்டியை அமைத்துள்ளன. அதனை மீண்டும் வெட்டிப் பார்ப்பது எல்லா நோயாளரிடத்தும் இயலுவதன்று. என்பிற் பரவிய கட்டியின் துண்டைப் பரிசோதனைக்கு ஆயத்தப்படுத்துகையில் அதிலுள்ள கல்சியத்தை அமிலத்தாற் கரைக்கின்றனர், அப்போது டி.என்.ஏ.யும் பெரும்பாலும் சிதைந்துவிடும். அன்றியும், ஒரு துண்டு ஒரு கட்டியைப் பற்றியே பேசும்; பல இடங்களிற் பரவிய நோயைப் பற்றி அது முழுமையாகப் பேசாது.

இந்நிலையிலேதான், கைநாளத்திலிருந்து எடுக்கப்படும் சிறிதளவு குருதியிற் கட்டியின் டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை முதன்மை பெறுகின்றது. இதன் வரலாற்றைக் கருவிகளின் வெற்றி வரலாறாகக் கூறுவதே பொது வழக்கம். அக்கூற்று பாதி உண்மையே. நோயைக் குருதியிற் காணும் ஆற்றல் ஒரு வழியாக வளர்ந்தது. கண்டதற்கு ஏற்ற மருந்து வேறொரு வழியாக வந்தது. இவ்விரு வழிகளும் நெடுநாள் ஒன்றையொன்று அறியாமலே நடந்தன. அவை சந்திப்பதற்கு முன்னர் இப்பரிசோதனை ஒரு வியப்புப் பொருளாக இருந்ததேயன்றி, நோயுற்ற பெண்ணொருத்திக்குப் பயன்தரும் பொருளாக இருக்கவில்லை.

புற்றுநோயின் சுவடு குருதியில் இருக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1869 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் தோமஸ் அஷ்வேர்த் என்னும் வைத்தியர், பல கட்டிகள் தோன்றி இறந்த ஒருவரின் குருதியை நோக்கி, கட்டியிலுள்ள கலங்களை ஒத்த கலங்கள் அதில் இருப்பதைப் பதிவுசெய்தார். 1889 இல் இலண்டனில் ஸ்டீவன் பஜெற், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து, நோய் கண்ட இடமெல்லாம் பரவுவதில்லை, சில உறுப்புக்களையே அது நாடுகின்றது என்று காட்டினார்; விதையை மாத்திரமன்றி அது விழும் நிலத்தையும் ஆராயவேண்டும் என்பது அவர் கருத்து. 1896 இற் கிளாஸ்கோ நகரின் ஜோர்ஜ் பீற்சன், முற்றிய மார்புப் புற்றுநோயுடைய பெண்ணொருத்தியின் சூலகங்களை அகற்றியபோது கட்டிகள் சுருங்கியமையை அறிவித்தார். ஓமோன் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. ஆயினும், கட்டியின் இயல்பை அறிந்து அதற்கேற்ப மருத்துவம் செய்யும் வழி அன்றே திறந்துவிட்டது. பீற்சனின் பெயர் ஈண்டுக் குறிக்கப்படுவது முன்னோடி என்னும் மரியாதைக்காக மட்டுமன்று. இக்கதையின் இரண்டாவது வழி அவரிடமிருந்தே தொடங்குகின்றது.

முதலாவது வழியின் தொடக்கம் பிரான்சு நாட்டின் ஸ்ராஸ்பூர்க் நகரில். 1948 இல் போல் மண்டெல், பியர் மெற்றே என்னும் இருவர், மனிதக் குருதியின் திரவவிழையத்தில், அதாவது கலங்களை நீக்கியபின் எஞ்சும் மஞ்சள் நிறத் திரவத்தில், கருவமிலங்கள் உள்ளன என்று ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். பரம்பரை இயல்புகளைக் காவும் பொருள் டி.என்.ஏ.யே என்பதற்கு ஏவரியும் அவரது கூட்டாளிகளும் சான்று காட்டி நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன, டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளிவர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. கலத்தின் கருவுக்குள் இருக்கவேண்டிய பொருள் குருதியில் மிதக்கின்றதெனின், அதை வைத்து என்ன வினா எழுப்புவது என்பதே அன்று எவர்க்கும் தோன்றவில்லை. குறிப்பு நூலகத்தில் உறங்கியது. கண்டுபிடிப்புக்கள் மறக்கப்படுவதற்குக் காரணம் அவற்றின் சிறுமையே என்று கருதுவோர் இவ்விருவரின் கதையைப் படிப்பது நன்று.

1966 இல், தன்னுடலையே தாக்கும் லூப்பசு நோயாளரின் குருதியில் டி.என்.ஏ. காணப்பட்டது. அதனால் அது அந்நோய்க்குரிய பொருள் என்ற எண்ணம் பரவியது. புற்றுநோய் பக்கம் பார்வையைத் திருப்பியது 1977 இல் லெயோனும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வாகும். கதிரியக்க முறையால் நனோகிராம் அளவுகளை அளந்து, புற்றுநோயாளர் 173 பேரையும் நலமுடையோர் 55 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். நலமுடையோரிற் சராசரி மில்லிலீற்றருக்கு 13 நனோகிராம், நோயாளரில் 180. நோய் பரவியோரில் அளவு மேலும் உயர்ந்திருந்தது. கதிர்ச் சிகிச்சைக்குப் பின்னர் சிலரில் அது குறைந்தது. எனினும் நோயாளரிற் பாதிப்பேரின் அளவு நலமுடையோரின் அளவுக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஆகவே மொத்த அளவை மட்டும் கொண்டு எவரையும் நோயாளர் என்றோ அல்லர் என்றோ கூற இயலவில்லை. அளவு கூறாததை அடையாளம் கூறவேண்டியிருந்தது.

அவ்வடையாளத்தை 1989 இல் ஜெனீவாவின் மோரிஸ் ஸ்ட்றூன், பிலிப் அங்கர் ஆகியோர் முதலில் உணர்த்தினர்: நோயாளரின் திரவவிழையத்திலுள்ள டி.என்.ஏ.யிற் சிலவற்றுக்குப் புற்றுநோய்க் கலத்தின் இயல்பு உண்டு. 1994 இல் சதையியின் புற்றுநோயாளரிடத்தும் எலும்பு மச்சை நோயாளரிடத்தும், கட்டிக்கே உரிய குறித்த விகாரங்கள் குருதியிற் கண்டறியப்பட்டன. 1996 இல் ஒரே சஞ்சிகையில் வெளிவந்த இரு கட்டுரைகள் தலை, கழுத்து, நுரையீரற் புற்றுநோய்களில் இதனை உறுதிப்படுத்தின. அவற்றைப் படித்த டெனிஸ் லோ, கட்டி தன் டி.என்.ஏ.யைக் குருதியிற் சிந்துமாயின் வயிற்றில் வளரும் சிசுவும் சிந்தாதோ என்று வினவினார். 1997 இல், ஆண் சிசுவைச் சுமந்த தாய்மாரின் குருதியில் ஆணுக்கேயுரிய நிறமூர்த்தத்தின் துண்டுகளைக் காட்டினார். புற்றுநோய்க்கெனத் தோன்றிய எண்ணம் தாய்மாரின் பரிசோதனைக் கூடத்திலேயே முதலிற் பெருவழக்காயிற்று.

இத்துண்டுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மடியும் கலங்களிலிருந்து. கருவினுள் டி.என்.ஏ. புரத உருளைகளைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கும். கலம் மடிகையில் உருளைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை நொதியங்கள் வெட்டிவிடுகின்றன. எனவே குருதியிற் கிடைப்பவை ஏறத்தாழ 166 மூலச்சோடி நீளமுள்ள குறுந்துண்டுகள். அவை நெடுநேரம் நிலைப்பதில்லை. 2008 இற் குடற் புற்றுநோயாளரை ஆராய்ந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள், சத்திரசிகிச்சையின் பின்னர் கட்டி டி.என்.ஏ.யின் அளவு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்திற் பாதியாகக் குறைவதைக் கண்டனர். இவ்விரைவே இப்பரிசோதனையின் வலிமை. பல வாரங்கள் தங்கும் புரதம் நேற்றைய நிலையைக் கூறும். சில மணித்தியாலத்தில் மறையும் டி.என்.ஏ. இன்றைய நிலையைக் கூறும்.

வலிமை இதுவெனின் இடரும் உண்டு. குருதியில் மிதக்கும் டி.என்.ஏ.யின் பெரும்பகுதி குருதிக்கலங்கள் மடிவதால் வருவது. ஆயிரம் துண்டுகளில் ஒன்றோ இரண்டோ கட்டியினுடையனவாக இருக்கலாம். அனைத்தையும் ஒருங்கே பெருக்கிப் படித்தால் அவ்வொன்று மறைந்துபோம். 1999 இல் பேட் வோகெல்ஸ்ரைன், கென்னத் கின்ஸ்லர் ஆகியோர் இதற்கு ஒரு வழி கண்டனர். சந்தைக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவரின் குரலைப் பிரித்தறிவது அரிது. ஆனால் கூட்டத்தினரைத் தனித்தனி அறைகளில் இருத்தி வினவினால் மாறுபட விடையளிப்பவரை எண்ணிவிடலாம். அவ்வாறே மாதிரியை மிகப் பல சிறு பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறு அளவிலே இருக்கச் செய்து, பொலிமரேசுச் சங்கிலித் தாக்கத்தாற் பெருக்கி, ஆம் அல்லது இல்லை என்று எண்ணினர். எண்ணிப் பார்க்கும் இம்முறையே பின்வந்த பரிசோதனைகளுக்கு அடிப்படை.

இதற்கிடையிற் போட்டியான இன்னொரு முறை முந்திக்கொண்டது. அஷ்வேர்த் கண்ட முழுக் கலங்களையே குருதியிலிருந்து பிடித்து எண்ணும் முறை அது. 2004 இல் கிறிஸ்ரோபனில்லி தலைமையில் நோய் பரவிய 177 பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வில், 7.5 மில்லிலீற்றர் குருதியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிக் கலங்கள் உடையோரின் ஆயுள் குறைவாயிருப்பது தெரியவந்தது. பெரும் நம்பிக்கை எழுந்தது. முதற் சிகிச்சைக்குப் பின்னரும் எண்ணிக்கை குறையாதோருக்கு மருந்தை உடனே மாற்றினாற் பயன் உண்டா என்று அமெரிக்கக் கூட்டாய்வொன்று சோதித்தது. எண்ணிக்கை குறையாத 123 பெண்களிற் சிலர் பழைய மருந்தையே தொடர்ந்தனர்; ஏனையோருக்கு வேறு மருந்து வழங்கப்பட்டது. 2014 இல் முடிவு வெளிவந்தது: தொடர்ந்தோரின் இடைநிலை ஆயுட்காலம் 10.7 மாதம்; மாற்றியோருக்கு 12.5 மாதம், இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. பரிசோதனை பொய் கூறவில்லை. இப்பெண்களின் நிலை மோசமானது என்று அது கூறியது உண்மையே. ஆனால் ஒரு பொது நச்சு மருந்துக்குப் பதிலாக இன்னொரு பொது நச்சு மருந்தைத் தருவதன்றி வேறு வழி அன்று மருத்துவரின் கையில் இருக்கவில்லை. எண்ணிக்கை, எம்மருந்தைத் தரவேண்டும் என்று கூறவில்லை. இத்தோல்வி இவ்வரலாற்றின் மிகப் பயனுள்ள அதிகாரங்களுள் ஒன்று எனலாம்.

டி.என்.ஏ. முறை மார்புப் புற்றுநோயில் முதன்முதலாகத் தெளிவாக நிலைநாட்டப்பட்டது 2013 இல். கேம்பிறிட்ஜ் நகரில் நிற்சான் றோசன்பெல்ட், கார்லோஸ் கல்டாஸ் ஆகியோரின் குழுவினர், நோய் பரவிய 30 பெண்களின் குருதியை மீண்டும் மீண்டும் சோதித்து, மூன்று அளவீடுகளை ஒப்பிட்டனர். கட்டி டி.என்.ஏ. 30 பேரில் 29 பேரிடம் காணப்பட்டது. முழுக் கலங்கள் 26 பேரிடம். வைத்தியசாலைகளில் வழக்கமாக அளக்கப்பட்ட சி.ஏ. 15-3 என்னும் புரதம் சோதிக்கப்பட்ட 27 பேரில் 21 பேரிடம் மட்டுமே உயர்ந்திருந்தது. நோயின் ஏற்றத்தாழ்வுகளை டி.என்.ஏ.யே மிக நெருக்கமாகப் பின்தொடர்ந்தது. சிகிச்சை பலிக்கின்றதா என்பதை 19 பேரில் 10 பேரிடம் அது ஏனையவற்றுக்கு முன்னரே காட்டியது. ஆயினும் 2014 இன் பாடம் இங்கும் பொருந்தும்: முன்னரே அறிதல் ஒன்று, அறிந்ததாற் பயன் பெறுதல் வேறொன்று.

இவ்விடத்திலேதான் பீற்சன் திறந்த வழி வந்து இணைகின்றது. மார்புப் புற்றுநோய்களிற் பெரும்பான்மையானவை ஈஸ்திரஜன் ஓமோனை ஏற்கும் வாங்கியைக் கொண்டவை. 1973 இற் பிரித்தானியாவில் வழக்கிற்கு வந்த தமொக்சிபென் அவ்வாங்கியை அடைத்தது. பின்வந்த அரோமற்றேசு எதிரிகள் உடலில் ஈஸ்திரஜன் உண்டாவதையே தடுத்தன. ஆனால் நோய் பரவியோரிற் காலப்போக்கில் இம்மருந்துகள் பலிக்காமற் போயின. ஏன் என்பதற்கு 1997 இல் ஒரு குறிப்புக் கிடைத்தது. பரவிய கட்டியொன்றில், வாங்கியை உண்டாக்கும் ஈ.எஸ்.ஆர்.1 என்னும் பரம்பரையலகில் ஒரு விகாரம்; அதனால் வாங்கி ஓமோன் இல்லாமலே தானாக இயங்கியது. பூட்டிய கதவு உள்ளிருந்தே திறந்துகொண்டது போன்ற நிலை இது. மூலக் கட்டிகளிற் தேடியபோது இவ்விகாரம் அரிதாகவே காணப்பட்டமையால் எவரும் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. 2013 இல் இரு அமெரிக்கக் குழுக்கள், ஓமோன் எதிர் மருந்துகளை நெடுநாள் பெற்றோரின் பரவிய கட்டிகளைப் படித்தபோது அது அடிக்கடி தென்பட்டது. பதினாறு ஆண்டுகளாகத் தேடவேண்டிய இடத்திற் தேடப்படவில்லை என்பதே இதன் பொருள். விகாரம் நோயுடன் பிறப்பதன்று. மருந்தின் நெருக்கடியில் முளைப்பது. ஆகவே பழைய மெழுகுத் துண்டை எத்துணை நுணுகி ஆராய்ந்தாலும் அது அகப்படாது. குருதிப் பரிசோதனை வசதிக்கான மாற்றுவழி என்ற நிலையிலிருந்து இன்றியமையாத வழி என்ற நிலைக்கு உயர்ந்தது இக்கண்டுபிடிப்பாலேயே.

மருந்தோடு பரிசோதனை இணைந்த முதற் சட்டபூர்வ ஏற்பு வேறொரு விகாரம் தொடர்பானது. 2004 இற் கண்டறியப்பட்ட பி.ஐ.கே.3சி.ஏ. விகாரம், ஓமோன் வாங்கியுடைய மார்புப் புற்றுநோயாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரிடம் உண்டு. அதனைக் குறிவைத்த அல்பெலிசிப் என்னும் மருந்தை ஃபுல்வெஸ்ற்றன்ற் என்னும் ஓமோன் எதிர் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் வளராதிருந்த இடைநிலைக் காலம் 5.7 மாதத்திலிருந்து 11.0 மாதமாக உயர்ந்தது. 2019 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் மருந்தை ஏற்றபோது, விகாரத்தை இழையத்திலேனும் திரவவிழையத்திலேனும் தேடலாம் என்று ஒப்பியது. ஆனால் திரவவிழையத்திற் காணப்படாவிடின் இழையத்தையும் சோதிக்கவேண்டும் என்றது. இந்நிபந்தனை கருதற்பாலது. குருதியில் விகாரம் இருந்தால் நம்பலாம். இல்லையெனின், விகாரம் இல்லையா அல்லது கட்டி போதிய டி.என்.ஏ.யைச் சிந்தவில்லையா என்று பரிசோதனையாற் கூறமுடியாது. இதனை உணராது, இல்லை என்ற விடையை முடிந்த முடிபாகக் கொள்வது பெருந்தவறு.

இருக்கின்றது என்ற விடையும் எப்பொழுதும் கட்டியைக் குறிப்பதன்று. முதுமையில் எலும்பு மச்சையின் சில கலங்கள் விகாரமுற்றுப் பெருகுவதுண்டு. அவை மடியும்போது அவற்றின் டி.என்.ஏ.யும் குருதியிற் சேரும். 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், புற்றுநோயாளரின் திரவவிழையத்திற் காணப்பட்ட விகாரங்களிற் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறு வெண்கலங்களின் வழி வந்தனவாகத் தோன்றின. வெண்கலங்களையும் உடன் சோதித்தே அவற்றைப் பிரித்தறிய முடிந்தது.

2020 இற் பிரித்தானியாவில் நிக்கலஸ் ரேணர் தலைமையில் முடிவுற்ற பிளாஸ்மாமாச் ஆய்வு இவ்விரு வழிகளின் இணைப்பை நேரடியாகச் சோதித்தது. 1,034 நோயாளரின் குருதி சோதிக்கப்பட்டு, கண்ட விகாரத்துக்கேற்ப மருந்து வழங்கப்பட்டது. அண்மையில் எடுக்கப்பட்ட இழையத்தோடு ஒப்பிடுகையில் பரிசோதனை நூற்றுக்கு 98 அளவில் விகாரத்தைப் பிடித்தது. மருந்துகளின் கதை வேறு. ஹெர்-2 விகாரமுடையோரில் நூற்றுக்கு 25 பேரிடமும், ஏ.கே.ரி.1 விகாரமுடையோரில் 22 பேரிடமும் கட்டிகள் சுருங்கின. ஈ.எஸ்.ஆர்.1 விகாரமுடையோருக்கு ஃபுல்வெஸ்ற்றன்றை வழக்கத்திலும் கூடிய அளவிற் கொடுத்தபோது சுருங்கியது 8 பேரிடம் மட்டுமே. விகாரம் மிகத் திருத்தமாகக் கண்டறியப்பட்டது. அதற்கேற்ற மருந்து கையில் இருக்கவில்லை.

அம்மருந்து எலசெஸ்ற்றன்ற் என்ற பெயரில் வந்தது. விகாரமுற்ற வாங்கியையும் அழிக்கவல்ல இம்மாத்திரை 2023 சனவரியில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. விகாரத்தைக் குருதியிற் காட்டும் பரிசோதனையும் உடன் ஏற்கப்பட்டது. ஈ.எஸ்.ஆர்.1 விகாரமுடைய 228 பேரில் நோய் வளராதிருந்த இடைநிலைக் காலம் வழக்கமான மருந்தில் 1.9 மாதம், இம்மருந்தில் 3.8 மாதம். இருமடங்கு என்று கூறுவோர் உண்டு. இரண்டு மாதத்திற்கும் குறைவு என்று கூறுவோரும் உண்டு. இருவரும் ஒரே எண்களையே கூறுகின்றனர். ஓராண்டு கழிந்தபோது நோய் வளராதிருந்தோர் முன்னதில் நூற்றுக்கு 8 பேர், பின்னதில் 27 பேர். இடைநிலை எண்ணொன்றை மட்டும் கொண்டு ஒரு மருந்தை எடைபோடுவது எவ்வளவு குறைபாடுடையது என்பதற்கு இது சான்று.

மேலும் துணிவான வினாவொன்றைப் பிரான்சு நாட்டில் பிரான்சுவா-கிளெமென் பிடார் தலைமையிலான பாடா-1 ஆய்வு எழுப்பியது. நோய் வளர்ந்துவிட்டது என்று படப்பிடிப்பிற் தெரியும் வரையில் ஏன் காத்திருக்கவேண்டும்? அரோமற்றேசு எதிரியும் பல்போசிக்கிளிப்பும் பெற்றுவந்த 1,017 பெண்களின் குருதி இரண்டு மாதத்திற்கு ஒருமுறை சோதிக்கப்பட்டது. 279 பேரில் ஈ.எஸ்.ஆர்.1 விகாரம் உயர்ந்தது. அவர்களுள் நோய் இன்னும் வளராத 172 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். மருந்தைத் தொடர்ந்தோருக்கு 5.7 மாதம், உடனே ஃபுல்வெஸ்ற்றன்றுக்கு மாறியோருக்கு 11.9 மாதம். தொடர்ந்தோரிற் சிலர் நோய் வளர்ந்த பின்னர் அதே மருந்துக்கு மாறியபோது அது 3.5 மாதமே காத்தது. மார்புப் புற்றுநோயில், குருதிச் சான்றை மட்டும் கொண்டு சிகிச்சையை முன்கூட்டி மாற்றுவதாற் பயன் உண்டு என்று 2022 இல் முதன்முதலாகக் காட்டிய பேராய்வு இதுவே.

2025 இல் வெளிவந்த செரீனா-6 ஆய்வு அதே வழியில் கமிசெஸ்ற்றன்ற் என்னும் புதிய மாத்திரையைச் சோதித்தது. 3,000 இற்கும் மேற்பட்டோரின் குருதி பரிசோதிக்கப்பட்டு 315 பேர் தெரிவாயினர். மாறியோருக்கு 16.0 மாதம், தொடர்ந்தோருக்கு 9.2 மாதம். ஆய்வரங்கில் எழுந்த வரவேற்போடு ஒரு மறுப்பும் எழுந்தது. தொடர்ந்தோருக்கு நோய் வளர்ந்தபின் இதே மாத்திரையைத் தரும் ஏற்பாடு அவ்வாய்வில் இருக்கவில்லை. ஆதலின் முன்கூட்டி மாறியதாற் கிடைத்த பயனையும், நல்ல மருந்தொன்று கிடைத்ததால் வந்த பயனையும் பிரித்துக் காண இயலவில்லை. மொத்த ஆயுட்காலம் பற்றிய தரவுகளும் அறிக்கை வெளியானபோது முதிர்ந்திருக்கவில்லை. வலியில்லாது, படப்பிடிப்பிலும் மாற்றமில்லாது, வழக்கமான மாதச் சோதனைக்கு வந்த பெண்ணொருத்தியிடம், அவளது குருதியிற் சில துண்டுகள் கூடியுள்ளன, ஆகவே மருந்தை மாற்றவேண்டும் என்று கூறவேண்டியிருப்பது இத்தரவுகளை வைத்துக்கொண்டே.